ஏலக்காரரின் இரண்டாவது சாட்சி

மேகத்துக்கு மேலே குடியேறி, காற்றைத் தராசில் நிறுத்து, மழையைப் படியால் அளந்து ஊருக்கெல்லாம் சொல்லும் என் மருமகள் சுண்டெலிக்கு,

காய்கறிச் சந்தையின் முடிசூடா மன்னனும், ஒரே மூச்சில் ஒரு மலை உருளைக்கிழங்கை ஏலம்விட்டுத் தீர்ப்பவனும், உனக்குச் சைக்கிள் பழக்கப்போய்த் தன் முன்பல்லைப் பறிகொடுத்தவனுமாகிய உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் உன்னையும் உன் கம்பளிக் காலுறைகளையும் ஈரம் படாமல் காக்கட்டும். உன் வானிலை நிலையத்துக்குப் போன் கிடைப்பதும் எனக்குத் தலைமுடி முளைப்பதும் ஒன்றுதான் என்பதால், சாமான் வண்டி மேலே ஏறுகிற நாளைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் சந்தை நிலவரம். இந்த வருஷத்து முட்டைக்கோஸைச் சொன்னால் நம்ப மாட்டாய். நேற்று லாரியிலிருந்து ஒன்றை உருட்டி இறக்கினோம். அதன் நிழலில் சுமைக்காரர்கள் இரண்டு பேர் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார்கள். கேரட்டைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் பொய் என்பாய். ஏலக்கூடத்துக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. இத்தனை வருஷம் என் குரல் பட்டு ஓட்டையான பழைய தகரத்தை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அத்தை நலம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் பருவம், வீடு முழுக்க நீலத்துணி. போன வாரம் என் சட்டை என்று எண்ணி யாரோ ஒரு பையனின் கால்சட்டைக்குள் கையை விட்டுவிட்டேன்.

இப்போது தொண்டை விஷயம். அத்தை போன வண்டியிலேயே எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதி அனுப்பிவிட்டாள் என்று தெரியும். அவளுக்குத் தையலை மறைக்கத் தெரியும், முகத்தை மறைக்கத் தெரியாது. அவள் எழுதியது சரிதான். குரல்பெட்டியில் கட்டி. கெட்ட கட்டி. பெட்டியை முழுசாக எடுத்துவிட வேண்டும், அதற்கப்புறம் கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு, பழைய குரல் திரும்பி வராது, சீக்கிரம் எடுத்தால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு, தள்ளிப்போட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று தொண்டை டாக்டரம்மா சொன்னார். நான் விடுவேனா? பெட்டியை வைத்துக்கொண்டு என்னை எடுத்துவிட முடியாதா என்று பேரம் பேசிப் பார்த்தேன். "ஐயா, இது உங்க சந்தை இல்ல. இங்க ஒரே விலைதான்" என்று அந்த அம்மா சிரிக்காமல் சொல்லிவிட்டார்.

வேதாகமத்தில் வரும், ஆலயத்தில் தூபம் காட்டிய ஆசாரியருக்காவது, நீ ஊமையாகப் போகிறாய் என்று சொல்ல ஒரு தேவதூதன் நேரில் வந்தான். எனக்கு வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட, என் தோளுயரம்கூட இல்லாத ஒரு டாக்டரம்மா. அந்த ஆசாரியருக்குப் பிள்ளை பிறந்ததும் நாவு திரும்பியது. எனக்கு அந்தச் சலுகையும் கிடையாதாம்.

இருந்தாலும் மாமன் வீரனாயிற்றே, ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன். முதுகுப்பக்கம் நாடாவால் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். நர்ஸம்மா ஊசி எடுக்கப் போன இடைவெளியில், பெரிய பெரிய படைத்தலைவர்கள் செய்வதைப்போல, தந்திரமாகப் பின்வாங்கினேன். பின்வாசல் வழியாக. அந்த அங்கியோடு. பஸ்ஸிலும் ஏறினேன். ஒருத்தரும் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை, எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் மட்டும், "பெரியவரே, ஜன்னலை மூடட்டுமா, பின்னாடி காத்து வருதுல்ல?" என்று கேட்டார். வீட்டு வாசலில் அத்தை என்னைப் பார்த்தாள். அவிழ்ந்திருந்த நாடாவை முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அற்புதம். சபையார் எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். நானும் ஜெபித்தேன், நான் ஜெபித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பக்கத்துத் தெருவில் கதவு திறக்கும். ஒரு காலையில் கண் விழித்து வாயைத் திறந்தால், கரகரப்பு போன இடம் தெரியவில்லை. குரல் வெண்கலமாக நிற்கிறது! வீக்கம் வற்ற டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருந்தார் என்பதும் உண்மைதான். மாத்திரையா ஆண்டவரா என்று நீ கேட்பாய், படித்தவள். நான் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில், ஆண்டவர் செய்ததைச் சொல்லும் சாட்சி நேரத்தில், எழுந்துவிட்டேன். ஆண்டவர் வந்து என் தொண்டையில் விரலை வைத்தார் என்றேன். கட்டி கரைந்து தண்ணீராக ஓடியது என்றேன். கத்தி வேண்டாம் மகனே என்று காதில் விழுந்தது என்றேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்துகொண்டே போயிற்று. சபையே கைதட்டியது. முட்டைக்கார அக்கா, அதுதான் சந்தை வாசலில் முட்டை விற்கிறவர், உனக்கு உடைந்த முட்டையெல்லாம் தனியாக எடுத்துவைப்பாரே அவர், அழுதுகொண்டே வந்து அத்தையைக் கட்டிக்கொண்டார். அத்தை மட்டும் கைதட்டவில்லை. விரலில் ஊசி குத்தியிருந்ததாம்.

ஆகவே ஆபரேஷன் கிடையாது. நீ பதறிக்கொண்டு இறங்கி வராதே. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். ரொட்டியை அத்தை பாலில் ஊறவைத்துத்தான் தருகிறாள், அது அவளாகச் செய்வது. ஏலத்தில் மட்டும் பின்வரிசைக்காரர்கள் இந்த வாரம் காதில் கையைக் குவித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாவம், எல்லாருக்கும் வயசாகிறது.

உன் அம்மா உன்னை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து உனக்காகச் சொல்லும் அதே ஆசீர்வாதத்தை இன்றும் சத்தமாகச் சொல்லி, இதை மடிக்கிறேன்.

சந்தையே அடங்கி நிற்கும் குரலுடைய,
தாய்மாமன்.



சுண்டெலி மருமகளுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தில் இங்கே இன்னும் இருக்கிறோம். நீயும் அங்கே பத்திரமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் பதில் வந்தது. அவ்வளவு பெரிய தாளில் ஒரே ஒரு கேள்வி. "மாமா, அதுக்கப்புறம் டாக்டர் பாத்தாங்களா?" அதைத் தவிர ஒரு எழுத்து கிடையாது. நீ என்னை நன்றாகத்தான் அளந்து வைத்திருக்கிறாய். பார்க்கவில்லை, மருமகளே. நான் போகவேயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள்விட்டுக் கூப்பிட்டபோதும், ஆண்டவரே சுகம் கொடுத்தபிறகு மனுஷரிடம் காட்டுவது அவிசுவாசம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெண்கலம் ஒரு வாரம்தான் நின்றது. மாத்திரை தீர்ந்தது, குரலும் தீர்ந்தது. இப்போது நான் பேசினால் யாரோ சுவரில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல இருக்கிறது. ஏலத்தை வெங்காய மண்டிக்காரர் கூவுகிறார், ஆடு தும்முவதைப்போல. நான் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுகிறேன். சபையில் யாராவது கேட்டால், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். அவர்களும் நம்பினார்கள். சாட்சி சொன்ன வாய் அல்லவா.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

முட்டைக்கார அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்று உனக்குத் தெரியும். காலில் ஏதோ ஒரு புண், ஆறாமல் இருந்திருக்கிறது. தினமும் மாத்திரை, வாரத்துக்கு ஒரு தடவை கட்டு. என் சாட்சியைக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், அந்த மாத்திரையெல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டாராம். கட்டுப் போடவும் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சுகம் கிடைத்ததும் என்னைப்போல எழுந்து நின்று சொல்லலாம் என்று காத்திருந்திருக்கிறார். சந்தை வாசலில் முட்டைத் தட்டுகளின் நடுவே மயங்கி விழுந்தபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. உயிர் தப்பியது. நான் தப்பி வந்த அதே ஆஸ்பத்திரியில் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். உள்ளே நுழையும்போது, அவர் என்னைத் திட்டட்டும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், பதிலுக்கு நாலு வேடிக்கையும் தயாராக வைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு விசுவாசம் பத்தலண்ணே. உங்க அளவுக்கு எனக்கு இல்ல. அதான் ஆண்டவர் பாத்துட்டாரு" என்றார். பிறகு மெதுவாக, "இவங்க மறுபடி மாத்திரை தர்றாங்க. போட்டுக்கிட்டா அவரு இன்னும் கோவிச்சுக்குவாரோ? நீங்க சொல்லுங்கண்ணே, உங்ககிட்டதான் அவரு பேசுறாரே" என்றார்.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன், திரும்பவும் அதே பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

சந்தைக்கு வந்தேன். மத்தியானம், ஏலம் முடிந்து கூடம் காலி. கூடைகளும் கோஸ் இலைகளும்தான் கிடந்தன. என் மேடைப்பலகையில் முழங்கால் போட்டேன். என் ஜெபம் எப்படித் தொடங்கும் என்று உனக்குத் தெரியுமே, வானங்களை விரித்தவரே, சமுத்திரத்துக்கு எல்லை வைத்தவரே என்று, அவருக்கு முகவுரை எழுதிக் கொடுப்பவனைப்போல. அன்றைக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ரொம்ப முக்கி முனகிய பிறகு வந்தது இவ்வளவுதான்: "பயமா இருக்கு, ஆண்டவரே."

அதைச் சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் நான் அவரிடம் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. சுகம் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லியிருக்கிறேன், அவர் கொடுக்காததற்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். பயம் என்று சொன்னதில்லை. பயந்தால் விசுவாசம் இல்லை என்று நினைத்தேன். ஆனால் சிலுவைக்கு முந்தின இரவு அந்தத் தோட்டத்தில் ஆண்டவர் என்ன செய்தார்? முகங்குப்புற விழுந்தார். இது வேண்டாம் என்று கேட்டார். கூட இருந்தவர்களிடம், கொஞ்சம் விழித்திருங்கள் என்று கெஞ்சினார். பயத்தை அவர் ஒளித்துவைக்கவில்லை. அப்புறம்தான் எழுந்து போனார். நான் அவரைவிடப் பெரிய தைரியசாலி வேஷம் கட்டிக்கொண்டு, அவர் பெயரையே போர்வையாக இழுத்துப் போர்த்தி, அதற்குள் ஒளிந்து கிடந்திருக்கிறேன். அந்தப் போர்வையை அக்கா நிஜம் என்று நம்பிவிட்டார்.

வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். எனக்குக் குரலைவிட உயிர் பெரிதா என்று தெரியவில்லை, கூவாத ஏலக்காரன் எதற்கு ஆவான் என்றும் சொன்னேன். அவள் தையல் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக்கையை முழுசாகத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்கதான் பேசுறீங்க. எனக்கும் சொல்றதுக்கு நிறைய இருக்கு. கேக்க ஆள் வேணும்ல?" என்றாள். பிறகு, "முதல்ல அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க. சபையில அப்புறம்" என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது அந்த நீலத்துணியில். யாரோ ஒரு பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்.

மறுநாள் முன்வாசல் வழியாகப் போனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி இருக்கிறது, ஆண்டவர் விரலும் வைக்கவில்லை, காதிலும் ஒன்றும் விழவில்லை, பயத்தில் சொன்னது என்றேன். "என் விரல் போச்சேண்ணே" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போகவில்லை. போகச் சொன்னாலும் போவதில்லை என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை, மருமகளே. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அப்போ அவருக்கு என்மேல கோவம் இல்லையா?" என்று கேட்டார். இல்லம்மா, என்றேன். "நிஜமா? இதையும் பெருசா சொல்லலியே?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். "மாத்திரைய எடுங்க" என்று கையை நீட்டினார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். ஒலிபெருக்கியே தேவையில்லாதவன் என்று பேர் வாங்கிய நான், போதகரிடம் கை நீட்டி மைக்கை வாங்கினேன். உப்புத்தாள் குரலில் இவ்வளவுதான் சொன்னேன்: "போன தடவை நான் சொன்னது நடக்கல. கட்டி அப்படியே இருக்கு. ஆண்டவர் என்னைக் கைவிடல. நான்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடி வந்தேன். அதை மறைக்க அவர் பேரைச் சொன்னேன். யாராவது மாத்திரைய விட்டிருந்தா இன்னிக்கே போடுங்க. எனக்குப் பயமா இருக்கு. ஜெபம் பண்ணுங்க."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், "அப்போ நாங்க உபவாசம் இருந்தது?" என்று முணுமுணுத்தார், நியாயம்தான். போதகர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். "நானும் சேர்ந்துதானே கைதட்டினேன்" என்று மைக்கில்லாமல் சொன்னார். பிறகு, என்ன கேட்டு ஜெபிக்க என்று என்னிடம் கேட்டார். சுகம் கேளுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால், "மறுபடி ஓடாம இருக்கணும்" என்றுதான் வந்தது. பின்னாலிருந்து கசாப்புக்கடைக்காரர் எழுந்து, "அண்ணே, அந்தப் பின்வாசல்ல நானும் நம்ம பட்டறை வெல்டரும் நின்னுக்குறோம். கவலைய விடுங்க" என்றார். அப்போதுதான் சபையில் ஒரு சிரிப்பு வந்தது. சிரித்தபடியே பாதிப்பேர் அழுதார்கள். பிறகு எல்லாரும் முழங்கால் போட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் போனேன். கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, ஆனாலும் இன்னும் எடுக்கிற அளவில்தான் இருக்கிறது என்றார். திட்டவில்லை. பின்வாசலுக்குப் பூட்டு வாங்கச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டார். நாளைக்குச் சேர்கிறேன்.

இந்தக் கடிதம் உன் மலைக்கு ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எப்படி முடிந்திருக்கும் என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். பெரிய வாய் பேசி ஓய்ந்துவிட்டேன். நீ எங்கே நின்று கருவிகளைப் பார்க்கிறாயோ, அங்கேயே நின்று ஒரு நிமிஷம் என் பெயரைச் சொல். எனக்குப் பயமாக இருக்கிறது, சுண்டெலி. ஆனாலும் போகிறேன்.

உன்,
மாமன்.



என் கண்ணான மருமகளுக்கு,

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மாமன் இருக்கிறேன்.

அத்தை உனக்கு ஆள் மூலம் செய்தி அனுப்பியிருப்பாள். ஆனாலும் நடந்ததை நான் சொன்னால்தானே ருசி. உடம்பு இன்னும் தேறவில்லை, எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆபரேஷன் அன்று விடிந்ததும் மறுபடி அந்தப் பச்சை அங்கி. அத்தை எனக்கு வெந்நீர் கொண்டுவரப் போயிருந்தாள். எவ்வளவோ ஜெபித்து, சபையே முழங்கால் போட்டு, நானும் சத்தியமெல்லாம் பண்ணி, கடைசியில் கால் என்ன செய்தது தெரியுமா? தானாக இறங்கி நடந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன், இதில் ஒரு துளி மிகையில்லை. பயம் என்பது ஜெபத்தோடு கரைந்துபோகிற சீனி என்று இனி யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. நடைவழி, படிக்கட்டு, துணி துவைக்கிற அறை, பின்வாசல்.

வெளியே மழை. வாசல் ஓரத்தில் ஒரே குடையின் கீழே கசாப்புக்கடைக்காரரும் வெல்டரும் நின்றார்கள். வேடிக்கைக்குச் சொன்னார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கடையைத் திறக்காமல், பட்டறைக்குப் போகாமல், நனைந்த கோழிகளைப்போல நிஜமாகவே நிற்கிறார்கள். கசாப்புக்கடைக்காரர், "எங்கண்ணே?" என்றார். காற்று வாங்க, என்றேன். "வாங்குங்க, நாங்களும் அதத்தான் வாங்கிக்கிட்டு இருக்கோம்" என்றார். குடைக்குள் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். மூன்று பேர், ஒரு குடை. அதில் ஒருவனுக்கு முதுகே இல்லாத சட்டை. என்னால் முடியவில்லை, என்று சொன்னேன். இவர்கள் என்னைத் தடுக்கட்டும், பிடித்து இழுத்துக்கொண்டு போகட்டும், அப்படியானால் பொறுப்பு என்னுடையது இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

வெல்டர் அதிகம் பேசாதவர். அவர் சொன்னார்: "நாங்க தடுக்க வரலண்ணே. வண்டி அந்தா நிக்குது. வீட்டுக்குப் போகணும்னா ஏறுங்க, விட்டுடறேன். நீங்க மறுபடி தனியா ஓடக்கூடாதுன்னுதான் நிக்கிறோம்."

அந்த மழையில் நான் வண்டியையும் பார்த்தேன், வாசலையும் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கசாப்புக்கடைக்காரர் தன் மேல்சட்டையைக் கழற்றி என் முதுகில் போட்டார். அந்தத் தோட்டத்தில் ஆண்டவரோடு இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள், மருமகளே. என் ஆட்கள் தூங்கவில்லை. அவருக்குக் கிடைக்காததை எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறாரே என்று தோன்றியது. தைரியம் வந்ததா என்று கேட்காதே. வரவில்லை. நடுங்கிக்கொண்டேதான் திரும்பினேன். அவர்கள் இரண்டு பேரும் கூடவே வந்து, ஈரக்காலோடு நடைவழியெல்லாம் தடம் பதித்து, தரை துடைக்கிற அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, கட்டில்வரை கொண்டுவந்து விட்டார்கள். அத்தை வெந்நீரோடு நின்றிருந்தாள். நனைந்த தலையைத் துவட்டிவிட்டாள்.

கடைசி வார்த்தையாக என்ன சொல்வது என்று ஒரு வாரமாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். வரலாற்றில் இடம் பிடிக்கிற மாதிரி ஒரு வாக்கியம், நடுவில் வசனம், முடிவில் அத்தைக்கு நன்றி. ஆனால் தள்ளுவண்டியில் ஏற்றும்போது செருப்பைக் காணவில்லை. "செருப்பு எங்கம்மா?" என்று நர்ஸிடம் கேட்டேன். "உங்களுக்குத் தர மாட்டோம்யா, நாங்க ஒளிச்சு வெச்சிருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் கதவு மூடிவிட்டது. சந்தையையே நடுங்கவைத்த குரல் இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்டது ஒரு ஜோடிச் செருப்பை.

கட்டியை முழுசாக எடுத்தாயிற்று என்கிறார் டாக்டரம்மா. ஓரங்களும் சுத்தமாக இருக்கிறதாம். இன்னும் கொஞ்ச நாள் கதிர்வீச்சு வைக்க வேண்டும். நான் பிழைத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லவில்லை, நம்பலாம் என்றார். நம்புவது எனக்குப் பழக்கமில்லாத வேலை இல்லையே. இந்தத் தடவை கலப்படம் இல்லாமல் செய்து பார்க்கிறேன்.

முதல் சில நாள் கஷ்டம்தான், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். கண் விழித்து அத்தையைக் கூப்பிட வாயைத் திறப்பேன், கழுத்தில் உஸ்ஸென்று காற்று போகும். அழுதால்கூடச் சத்தம் வராது. குளிக்கப் பயம், துளைக்குள் தண்ணீர் போனால் மூச்சு முட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், செம்பைப் பார்த்தாலே உடம்பு பின்வாங்குகிறது. ஒவ்வொரு காலையும் செம்பை எடுக்கும்முன் சத்தமில்லாமல் அதே ஜெபம்: பயமாக இருக்கிறது, ஆண்டவரே. பிறகு தண்ணீரை ஊற்றிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் என் ஜெபத்துக்கு முகவுரை கிடையாது.

பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன். காற்றை விழுங்கி, ஏப்பம்போல வெளியே தள்ளி, அதைச் சொல்லாக ஆக்க வேண்டும். எல்லாராலும் முடியாதாம், மாதக்கணக்கில் ஆகுமாம். ப, த, க தான் முதலில் வருமாம். உலகமகா ஏலக்காரனை உட்காரவைத்து "காக்கா" சொல்லச் சொல்கிறார்கள். நேற்று ஒரு "கா" வந்தது. மற்றொரு "கா" இன்னும் வழியில் இருக்கிறது. அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் சொன்னபடியே நிறையப் பேசுகிறாள். இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ! அவளுக்குப் பஸ் பிடிக்காது, என் சிவப்புச் சட்டை பிடிக்காது, கல்யாணத்தன்று நான் பேசிய பேச்சு ஒரு வரிகூடப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு வழி?

முட்டைக்கார அக்கா ஊன்றுகோலோடு வந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து மாத்திரையை எடுத்து, என்னைப் பார்த்தபடியே போட்டுத் தண்ணீர் குடித்தார். "பாத்துக்குங்க" என்றார். பிறகு என் கழுத்தைக் காட்டி, வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "எனக்கும் அந்த இல்லாத விரல் வலிக்குதுண்ணே" என்றார். போகும்போது என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். நான் வாழ்க்கையில் கேட்ட ஜெபங்களிலேயே சின்னது அது. ஆமென் சொல்ல எனக்குக் குரல் இல்லாமல், கட்டிலைத் தட்டினேன்.

நீ பனிக்காலம் முடிந்ததும் விடுப்பில் இறங்கி வருவதாக எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். இதைக் கேட்கத்தான் கடிதமே. மேலே எழுதியதெல்லாம் சுற்றி வளைத்தது.

நான் வாசலில்தான் நிற்பேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். கழுத்தை மறைக்க அத்தை அழகழகாகத் துணி தைத்துத் தந்திருக்கிறாள், அன்றைக்கு மட்டும் அதைக் கட்டிக்கொள்ள மாட்டேன். வந்ததும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடு. முகத்தைத் திருப்ப வேண்டும் என்று தோன்றினால் திருப்பிக்கொள், பிறகு மறுபடி பார். பயமாக இருந்தால் பயம் என்று சொல். எனக்காகச் சிரித்து மழுப்பாதே. அப்புறம் பையை இறக்கிவைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, மலைமேல் காற்று எப்படி அடிக்கிறது என்று முதலிலிருந்து சொல். எவ்வளவு நேரமானாலும் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.

இறங்குகிற வளைவுகளில் ஆண்டவர் உன் வண்டிக்கு முன்னால் போகட்டும். பனியில் உன் கால் வழுக்காமல் அவர் கை கொடுக்கட்டும். மெதுவாகவே வா, அவசரமில்லை. ஆனால் வந்துவிடு, சுண்டெலி.

நீ வரும்வரை இங்கேயே இருக்க முயல்கிற,
உன் மாமன்.